இரண்டாம் இலக்கத்தில் ஒரு மூச்சு

எங்கள் வீட்டு அம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் திருகியைச் சுற்றி ஒன்று முதல் பத்து வரை இலக்கம் போட்டிருந்தது. மூன்றிலிருந்து பத்து வரை என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டுக்கு நேரே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தவள் நான். அந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இருபத்தைந்து வருடத்தில் நாட்டில் எத்தனையோ சட்டம் வந்து போனது. என் சட்டத்தில் ஒருவரும் கைவைக்கவில்லை.

சட்டம் பிறந்தது எண்பத்து மூன்றில். அப்போது நாங்கள் கண்டி டவுனுக்குள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். கணவர் நீர்ப்பாசன எஞ்சினியர், நான் கணக்கு டீச்சர். கலவரம் கண்டிக்கு வந்த அன்று அவர் தனக்குப் பிடித்த இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்வீட்டில் இருந்த வீட்டுக்காரர், சிங்களவர், மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, கடைத்தெருவில் புகை தெரிகிறது, உடனே ஏறி வாருங்கள் என்றார். சேலையோடு நான் எப்படி அந்த மதிலில் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஏறினோம், விழுந்தோம், அவருடைய விறகு அறைக்குள் போய் இருந்தோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, பாட்டை நிறுத்தவில்லை.

நாங்கள் விறகுக்குள் மூச்சுவிடாமல் குந்தியிருக்க, எங்கள் வீட்டில் எங்கள் பாடகர் தமிழில் கணீரென்று பாடிக்கொண்டிருந்தார். வாசலில் பெயர்ப்பலகை மாட்டினாலும் அவ்வளவு தெளிவாக இருந்திராது. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியது. தெருவில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. பிறகு பாட்டு நின்றது.

திரும்பிப் போனபோது கதிரை, அலுமாரி, பாட்டுப் பெட்டி, துருவலை எல்லாம் போயிருந்தன. நான் பாதி துருவிய தேங்காயும் இல்லை, துருவி வைத்த பூவும் இல்லை. யார் வீட்டில் அன்று சம்பல் அரைத்தார்களோ தெரியாது. இசைத்தட்டு மட்டும் முற்றத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் செருப்புத் தடம். என் கணவர் இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். "ஒட்டலாமோ தெரியேல்லை" என்றார். எங்களுக்கு மாற்றி உடுக்க ஒரு துணி இல்லை. அந்த மனிதனோடு நான் மூன்று நாள் பேசவில்லை.

பாட்டுத்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது என்று நான் சொல்வேன். அவர்கள் கையில் பெயர்ப்பட்டியல் இருந்தது, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்வார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஊருக்குப் போய், மனம் ஆறி, வேலைக்காகத் திரும்பக் கண்டிக்கு வந்து, குண்டசாலைப் பக்கம் ஒரு வீடு எடுத்து, அவர் புது அம்ப்ளிஃபயர் வாங்கி வந்த அன்றைக்கே நான் நகப்பூச்சுப் போத்தலைத் தேடி எடுத்துவிட்டேன். அவர் பொட்டு காயும் வரை ஊதிக்கூட விட்டார்.

வீடு ஒரு குறுகலான ஒழுங்கையின் கடைசியில் இருந்தது, தெருவாசலில் ஒரு தகரப் படலை. ஒழுங்கையில் மூன்று வளைவு. எந்த வாகனம் எந்த வளைவில் கியர் மாற்றுகிறது என்று குசினியில் நின்றபடியே நான் சொல்வேன். வேன், லொறி, ஜீப், பாண்காரனின் த்ரீவீலர், எல்லாம் எனக்கு அத்துப்படி. காது என்றால் என் காது என்று அப்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இனி அந்த மூச்சின் கதை. உடைந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு. அனுபல்லவி முடிந்து சரணம் எடுக்க முன்னால் பாடகர் ஒரு மூச்சு எடுப்பார். அவ்வளவுதான் விஷயம். என் கணவருக்கு அந்தப் பாட்டே அந்த மூச்சுக்காகத்தான். "மற்ற ஆக்கள் மூச்சை மறைச்சுப்போடுவினம். இவர் மறைக்கேல்லை. பக்கத்துக் கதிரையில இருக்கிற மாதிரி இருக்கும்" என்பார். கல்யாணமான புதிதில் அந்த இடம் வரும்போது கையைத் தூக்கி என்னை நிறுத்துவார். எனக்கு அடுப்பில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்.

முதலில் அந்த ஆல்பம் கசெற்றாக வந்தது. கண்டி டவுனில் ஒரு கசெற் கடைக்காரர் இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்த குடும்பம். பாட்டைப் பற்றி அவரும் இவரும் பேசத் தொடங்கினால் எங்கள் பக்கம் வருகிற வத்தேகம பஸ் மூன்று போய்விடும். அவர்தான் எங்கேயோ தேடி அந்தக் கசெற்றைப் பிடித்துக் கொடுத்தார். என் கணவர் வீட்டுக்கு வந்து, ஜன்னல் எல்லாம் சாத்தி, திருகியைப் பொட்டுக்குக் கொண்டுவந்து, காதை ஸ்பீக்கரில் வைத்தபடி கேட்டார். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"மூச்சில்லை" என்றார்.

கசெற் நாடா நுண்ணிய சத்தங்களைத் தின்றுவிடும் என்று காரணம் கண்டுபிடித்தார். சில வருடம் கழித்து சீடி வந்தது. கடைக்காரர் சென்னையில் இருந்து எடுப்பித்துத் தந்தார். அதிலும் மூச்சில்லை. இந்த முறை ஆத்திரம் வந்துவிட்டது. சத்தத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று எவனோ ஒருவன் மூச்சைத் துடைத்துவிட்டான் என்று, சீடி வெளியிட்ட கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். 'மூச்சு காணாமல் போனது தொடர்பாக' என்று தலைப்பு. அந்த நாட்களில் தமிழ்க் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று ஊரில் கதை. உடைத்துப் பார்த்தவன் இதை என்ன இரகசிய மொழி என்று நினைத்தானோ. பதில் வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் என்னிடமும் கேட்பார். "இஞ்சேரும், உமக்குக் கேக்குதோ?" நான் ஜன்னலடியில் நின்றபடி, "எனக்கு உதெல்லாம் விளங்காது" என்பேன். அவரும் அதை நம்பிவிடுவார். கணக்கு டீச்சருக்குச் சங்கீதம் விளங்காது என்பது அவருடைய பழைய கொள்கை.

பென்சன் எடுத்த பிறகு விஷயம் முற்றியது. லண்டனில் இருக்கிற அவருடைய தம்பி, அதே ஆல்பத்தை மூல டேப்பில் இருந்து புதிதாக, உயர்ந்த தரத்தில் டிஜிட்டலாக எடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடந்தது. சீடியில் ஒரு செக்கனுக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு தடவை சத்தத்தை அளக்கிறார்களாம். இதில் ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் தடவையாம். "குளத்தில தண்ணி மட்டத்தை நாளுக்கு ஒருக்கா அளக்கிறதுக்கும் நிமிஷத்துக்கு ஒருக்கா அளக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குத்தானே?" என்று கேட்டார். குளத்தில் தண்ணீர் இருந்தால் சரிதானே என்றேன். நிவாரணமாக எனக்கு இன்னும் அரை மணித்தியாலம் விளக்கம் கிடைத்தது.

சண்டை உச்சத்தில் இருந்த காலம். வன்னியில் இருந்து வருகிற செய்தியைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். என் சொந்தத்தில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த நேரத்தில் இந்த மனிதன் செக்கனுக்கு எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. இரவில் படுத்துக்கொண்டு யோசித்தால், எண்ணுவதற்கு அவருக்கு ஒன்றாவது இருக்கிறதே என்று பொறாமையும் வந்தது.

தம்பிக்குத் தெரிந்த ஒருவர் கொழும்புக்கு வந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க்கும், அதில் இருப்பதை அம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தார். என் கணவர் போய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழியில் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், பையைத் திறந்து, இது என்ன என்று கேட்டிருக்கிறான். இவருடைய சிங்களம் கந்தோர்ச் சிங்களம், அலுவலகத்தில் பழகியது, சுத்தமாக இருக்கும். பாட்டு என்றார்.

"எத்தனை பாட்டு?"

"எட்டு."

சிப்பாய் டிஸ்க்கைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தான். தன்னுடைய போனை எடுத்துக் காட்டினான். "இதில் முந்நூறு இருக்கிறது. உங்களை நல்லாக ஏமாற்றிவிட்டார்கள், மாத்தயா."

அவன் சொன்னதைவிட, அவன் பரிதாபப்பட்டது இவருக்குப் பொறுக்கவில்லை. றோட்டோரத்தில் நின்று அவனுக்கும் குளத்துத் தண்ணீரை விளக்கத் தொடங்கிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினார். சிப்பாய் கும்பிட்டு அனுப்பினான் என்று வந்து சொன்னார்.

வீட்டில் பெட்டிகளை வயரால் இணைத்துப் பூட்டி முடிக்க ஒரு நாள் பிடித்தது. ஜன்னல் சாத்தி, பொட்டுக்குத் திருகி, காதை வைத்தார். பக்கத்து வீட்டு நாய் வந்து எங்கள் படியில் படுத்தது. மனிதக் காதுக்கு எட்டாத சத்தம்கூட இதில் இருக்கிறது, நாய்க்குக் கேட்கிறது, அதுதான் அத்தாட்சி என்றார். நாய்க்கு மட்டும் கேட்கிற பாட்டுக்கா இத்தனை பாடு என்று நான் கேட்டேன். உண்மையில் அன்று மீன் வெட்டியிருந்தேன்.

இரண்டாவது பாட்டு வந்தது. சரணம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டபோது, "இதிலயும் இல்லை" என்றார். "நான் கற்பனை பண்ணிப்போட்டன் போல."

அதுதான் எனக்கு உறைத்தது. வீடு உடைத்தபோது அந்த மனிதன் இப்படிச் சொல்லவில்லை. இனி இவர் ஒரு பாட்டும் கேட்க மாட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நானே கடைக்காரருக்குப் போன் பண்ணினேன்.

அவர் அடுத்த நாளே பழைய கசெற்றையும் சீடியையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். இருவரும் ஸ்பீக்கருக்கு ஒவ்வொரு பக்கமாகத் தரையில் இருந்தார்கள். நான் வழக்கம்போல் ஜன்னலடியில். புதிய டிஸ்க் ஓடியது. சரணத்துக்கு முன்னால் கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"இருக்குங்க சார். நல்லா இழுக்கிறாரே."

"இல்லை."

"திருப்பிப் போடுங்க." திருப்பிப் போட்டார். "இந்தா. இருக்கு சார். சத்தியமா இருக்கு."

பிறகு சீடியைப் போட்டார்கள். அதிலும் இருக்கிறது என்றார் கடைக்காரர். கசெற்றைப் போட்டார்கள். இரைச்சலுக்குள் கொஞ்சம் மங்கல், ஆனால் இருக்கிறது என்றார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். கடைக்காரர் பாவம், திண்டாடிப்போய் என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, ஒங்களுக்குக் கேக்குதுங்களா?"

"அடுப்பில சோறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சோறு வடித்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

அடுத்த கிழமை அவரைக் காது டொக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, கீச்சுச் சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். வகுப்பில் விடை தெரியாத பிள்ளைபோல் கையை மடியில் வைத்தபடி நெடுநேரம் இருந்தார். மெல்லிய சத்தங்களில் பாதிக்கு மேல் போய்விட்டது, போய் மிக நெடுங்காலம் என்றார் டொக்டர். இளமையில் சத்தமான இடத்தில் வேலை செய்தாரா என்று கேட்டார். அணைக்கட்டு வேலைக்குச் சுரங்கம் வெடி வைத்துத் தோண்டிய காலத்தில் இவர் பக்கத்தில் நின்றவர். இத்தனை குண்டு வெடித்த நாட்டில் என் கணவருக்குக் காது போனது அரசாங்க வேலையில்.

விளங்குகிறதுதானே? எண்பத்து மூன்றிலேயே காது பழுதுபடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் பாட்டு உரக்க ஓடியபடியால் மூச்சு கேட்டது. அதற்குப் பிறகு நான் பொட்டு வைத்தேன். கசெற்றைக் குறை சொன்னார், சீடியைக் குறை சொன்னார், சென்னைக்குக் கடிதம் எழுதினார், லண்டனில் இருந்து செக்கனுக்கு இரண்டு இலட்சம் வரவழைத்தார். திருகியை ஒரு இலக்கம் கூட்டலாம் என்று இரண்டு படித்த மனிதருக்கு இருபத்தைந்து வருடமாகத் தோன்றவில்லை. ஹெட்போனைச் சொல்லாதீர்கள். பாட்டு அறைக்குள் நிற்க வேண்டும், மண்டைக்குள் அல்ல என்பது அவருடைய சட்டம். அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது.

டொக்டர் சொன்ன மருந்து சுகமானது. "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்." பஸ்ஸில் வரும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டிருந்தாலாவது நான் சண்டை பிடித்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் நான்தான் சொன்னேன். "போடுவம். ஆனா வெளியில கேக்கக் கூடாது."

பாட்டு வெளியே போகக் கூடாது, மூச்சு உள்ளே கேட்க வேண்டும். எஞ்சினியரிடம் கொடுத்தால் இதற்கும் ஒரு அணைக்கட்டுத்தான் வரும். அடுத்த சனிக்கிழமை காலை கடைக்காரரும் வந்து, கட்டில்களில் இருந்த மெத்தைகளைத் தூக்கி ஜன்னல்களுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கதவுக்கு அடியில் நான் போர்வை திணித்தேன். பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருந்தது. வேர்த்து ஊற்றியது. அவர் திருகியில் விரல் வைத்தார். அப்போது எனக்குக் கேட்டது.

"ஜீப்" என்றேன். "மூண்டாம் வளைவு."

ஒழுங்கையில் யாரோ மெத்தையைக் கண்டு பயந்து பொலிசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயப்படத்தான் வேண்டும். தமிழ் வீடு, பட்டப்பகல், ஜன்னலெல்லாம் மெத்தை. ஒரு சார்ஜன்ட்டும் கூட ஒரு பொலிஸ்காரரும் வந்தார்கள். உள்ளே வேர்வையில் நனைந்த மூன்று வயதான ஆட்கள், நடுவில் வயர் வயராய் ஓடுகிற பெட்டிகள், ஒன்றில் சின்னப் பச்சை விளக்கு மினுங்குகிறது. சார்ஜன்ட்டின் கை இடுப்புக்குப் போனது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். "மூச்சுக் கேட்கிறோம்" என்றார் சிங்களத்தில்.

"யாருடைய மூச்சு?"

"ஒரு பாடகருடையது."

"அவர் எங்கே?"

"செத்துவிட்டார்."

சார்ஜன்ட் அறையைச் சுற்றிப் பார்த்தார். செத்தவர் கட்டிலுக்குக் கீழே இருக்கிறாரா என்று குனிந்தும் பார்த்தார். கடைக்காரர் முந்திக்கொண்டு கசெற்றில் இருந்து காது டொக்டர் வரை எல்லாவற்றையும் தன்னுடைய கடைச் சிங்களத்தில் கொட்டினார். சார்ஜன்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெத்தையைத் தட்டினார்.

"நோனா, சத்தம் வருகிற வீட்டால் எனக்குத் தொல்லை இல்லை. சத்தம் வராத வீட்டுக்குத்தான் நான் வர வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் எடுங்கள். ஜன்னலைத் திறங்கள். இது பாட்டா இல்லையா என்று நான் பார்க்க வேண்டும். பலமாகப் போடுங்கள்."

அரசாங்கக் கட்டளை. என் கணவர் என்னைப் பார்த்தார். துப்பாக்கியோடு நிற்கிற மனிதன் சொன்ன பிறகும் அந்த மனிதன் என்னைத்தான் பார்த்தார். நான் தலையாட்டினேன். திருகி பொட்டைத் தாண்டியது. மூன்று, நான்கு, ஆறு.

பாடகர் வந்தார். சுவர் அதிர்ந்தது. திறந்த ஜன்னலால் தமிழ் குண்டசாலை முழுவதும் போனது. முதல் பாட்டு முழுவதும் சார்ஜன்ட் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். இரண்டாவது தொடங்கியது. அனுபல்லவி முடிந்தது. என் கணவரின் கை மெல்ல மேலே போய் அப்படியே நின்றது. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். சார்ஜன்ட், "ஆ, ஹுஸ்ம" என்று மூச்சுக்குச் சிங்களம் சொல்லித் தலையை ஆட்டினார். சரணம் பாய்ந்து வந்தது. என் கணவர் அழுதுகொண்டிருந்தார். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

அவர்கள் போன பிறகு, கடைக்காரரும் பஸ்ஸுக்கு இறங்கிய பிறகு, அவர் பழக்க தோஷத்தில் திருகியைப் பொட்டுக்குக் கொண்டுவரப் போனார். "விடுங்கோ" என்றேன். அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டு எத்தனையோ காலம்.

"இப்பவாவது கேட்டுதோ உமக்கு?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த இடம் வந்தபோது எனக்குக் கேட்டது படலை. படலையடியில் யாரோ நிற்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கசெற்றிலும் அப்படித்தான், சீடியிலும் அப்படித்தான். பத்து வீட்டுச் சத்தம் கேட்கிற இந்தக் காதில் அந்த மூச்சு ஒரு நாளும் விழுந்ததில்லை. செவிடு அவருக்கு என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு மேசையில் கிடந்தது.

"இல்லை" என்றேன். "எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையப்பா."

அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டார். நான் அதில் போய் இருந்தேன். அவர் ஆல்பத்தை முதலில் இருந்து ஓடவிட்டுப் போய்ப் படலைக்குப் பக்கத்தில், என் காது வழக்கமாக நிற்கிற இடத்தில், எனக்காக நின்றுகொண்டார். இரண்டாவது பாட்டு தொடங்கியது.